மேலுமலை ஏற வேண்டிய மூக்கு லாரி

ரேடியேட்டர் மேஸ்திரியிடம் யாரும் சிரித்த முகத்தோடு வண்டியைக் கொண்டுவந்ததில்லை. பழைய லாரி வைத்திருக்கும் சொந்தங்களே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்!

சூளகிரியில் என் கடை. எனக்கென்று வாய்த்தவர் வெங்கடப்பா. எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய மூக்கு லாரி ஒன்றை வைத்துச் சீராட்டுகிறவர். வீட்டில் தெலுங்கு, கோபத்துக்குக் கன்னடம், காரியம் ஆக வேண்டுமென்றால் தமிழ்.

மஞ்சள் வைத்தியம்

மாம்பழ சீசனில் ஒருநாள் வண்டி ஆவி கக்கிக்கொண்டு வந்து நின்றது. ரேடியேட்டரைக் கழற்றினால் உள்ளே மஞ்சள் சேறு! ஒழுகலை நிறுத்த ஒரு பொட்டலம் மஞ்சள்தூளை அப்படியே கொட்டியிருக்கிறார். ஓட்டையோடு சேர்ந்து தண்ணீர் ஓடும் குழாய்களும் அடைத்துக்கொண்டன. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் அசரவில்லை.

"ஒழுகறது நின்னுச்சா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க மேஸ்திரி."

கும்பிட்டும் தெரியவில்லை

குழாய் குழாயாகக் குத்திச் சுத்தம் செய்து, ஓட்டைக்கு ஈயம் வைத்துக் கொடுத்தேன். மறுநாளே மேலுமலை ஏற்றத்தில் மறுபடி கொதித்தது. பாரூரில் ஏற்றிய மாம்பழம் வெயிலில் நின்று நசிந்துபோனது. இன்னொரு தடவை வழியில் நின்றால் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறோம் என்று மாங்கூழ் ஆலையில் சொல்லிவிட்டார்கள். அந்த சீசனை நம்பித்தான் அவர் குடும்பமே இருக்கிறது. வண்டி மறுபடி என் கடைக்கே வந்தது.

இரண்டு நாள் பம்ப், பெல்ட், ஃபேன் என்று எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன். மூன்றாம் நாள் சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி லட்சுமக்கா, வண்டிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். நான் வண்டியைக் கொடுத்த அன்றே, இனிமேல் சூடாகக் கூடாது என்று வேண்டிக்கொண்டு, முனீஸ்வரன் படம் போட்ட ஃபிளெக்ஸை முன் கிரில் முழுக்க இழுத்துக் கட்டியிருக்கிறார் வெங்கடப்பா. தினமும் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் நானும் ஸ்பேனரைத் தொட்டேன். லட்சுமக்காதான் கேட்டார்:

"சாமி இப்படி அடைச்சுக்கிட்டு நின்னா, பின்னால ரேடியேட்டருக்கு எங்கிருந்துங்க காத்து வரும்?"

இடமாற்றம்

படத்தை அவிழ்க்க வெங்கடப்பா மாட்டேனென்றார். லட்சுமக்காவே கற்பூரம் காட்டி அவிழ்த்து, கேபினுக்கு மேலே கட்டவைத்தார். பாரூரில் லோடு ஏறியதும் நானும் பக்கத்தில் தொற்றிக்கொண்டேன். ஏற்றம் முழுக்க என் கண் சூடு காட்டும் முள்ளை விட்டு நகரவில்லை. முள் பாதியைத் தாண்டவே இல்லை. ஆலையில் பழம் நல்லபடியாக இறங்கியது. நாளைக்கும் வரச் சொன்னார்கள். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்கடப்பா கீழே இறங்கி, கேபினைப் பார்த்துக் கும்பிட்டார்.

"பாத்தீங்களா மேஸ்திரி, ஒசரத்துல ஒக்கார வெச்சதும் சாமி எப்படி வேல செய்யுது!"

வேலை எனக்கு, பெயர் சாமிக்கு என்று பங்கு பிரித்துக்கொண்ட பிறகு, இந்தத் தொழிலில் எனக்கு ஒரு குறையும் இல்லை.