பட்டாள ஒப்பந்தமும் என் மகள் காதுகுத்தும்

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு எங்கள் குடும்பத்தில் ஒரு சண்டையும் வந்தது. நாடு வெள்ளைக்காரனோடு பாதுகாப்பு ஒப்பந்தம் போடலாமா கூடாதா என்பதை என் அண்ணனும் என் வீட்டுக்காரரும் காஜா பெராங்கில் எங்கள் சாப்பாட்டு மேசையில் முடிவு செய்யப் பார்த்தார்கள். ஆள்கிறவர்கள் இவர்களைக் கேட்கவா போனார்கள்? சொன்னால் இரண்டு பேருக்கும் கோபம் வரும்.

இவர் வெள்ளைக்காரப் பட்டாளத்து முகாமில் லாரி ஓட்டினார். நம்மிடம் கப்பல் உண்டா, விமானம் உண்டா, தனியாக நின்றால் எவனாவது வந்து மிதிப்பான் என்பது இவர் கட்சி. அண்ணன் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, நின்றபடியே கேட்டார்.

"வெள்ளைக்காரன் காப்பாத்துவான்னு நம்பித்தானே மச்சான் எங்கப்பாவ சயாம் ரயில் ரோட்டு வேலைக்குப் பறிகொடுத்தோம்? ஜப்பான்காரன் வந்து அவரப் புடிச்சிட்டுப் போனப்ப வெள்ளைக்காரன் எங்க இருந்தான்?"

இவர் சும்மா இருந்திருக்கலாம். வெள்ளைக்காரன் சம்பளத்தில் பொங்கின சோற்றைத்தான் இப்போது சாப்பிட்டீர்கள் என்று சொல்லிவிட்டார். உஜோங் பாசிரில் இருந்த தன் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்துப் போன அண்ணன் பிறகு எங்கள் படி ஏறவில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த தை மாதம், ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலில் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தோம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அவரைப் புருஷனும் பெண்டாட்டியுமாக வெற்றிலை பாக்குத் தட்டோடு வீடு தேடிப் போய் அழைக்க வேண்டும். இவர் வர மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார். நானாவது போயிருக்கலாம், எனக்கும் வீம்பு. மார்க்கெட்டில் பார்த்த அண்ணனின் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி அனுப்பினேன். கூடப்பிறந்தவருக்குத் தட்டு என்ன தட்டு, வருவார் என்று நினைத்தேன்.

வரவில்லை. நல்ல நேரம் போகிறது என்று குருக்கள் அவசரப்படுத்தினார். அப்பன் மடியிலேயே வைத்துக் குத்தினோம். பிள்ளையைவிட நான்தான் அதிகம் அழுதேன். அழுகையோடு அண்ணனை வாய் கூசாமல் கரித்துக்கொட்டினேன்.

மறு வருஷமே அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பாத்திரம் கழுவும்போது அண்ணி மெல்லச் சொன்னார்.

"காதுகுத்து அன்னிக்கு விடியறதுக்கு முந்தியே குளிச்சிட்டு, புது வேட்டி கட்டி வாசல்லயே உக்காந்திருந்தாரும்மா. தட்டு கூட வேணாம், தங்கச்சி ஒரு எட்டு வந்து கூப்பிட்டா போதும்னாரு. மத்தியானம்தான் வேட்டிய அவுத்து மடிச்சு வச்சாரு."

எங்கள் வீட்டிலிருந்து அங்கே பஸ்ஸில் அரை மணி நேரம். நான் போகவில்லை.