எனக்குக் கிட்டார் வேண்டாம்

கல்லூரி இரண்டாம் ஆண்டில் எனக்கு ஒரு புதுக் கிட்டார் வாங்கித் தர என் வகுப்பே முடிவு செய்தது. நான் கேட்கவில்லை. என்னிடமும் யாரும் கேட்கவில்லை. ஆண்டு விழா மேடையில் அதைக் கையில் கொடுப்பார்கள். நான் நன்றி சொல்லிவிட்டு அதிலேயே ஒரு பாட்டு வாசிக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

என்னிடம் ஏற்கனவே ஒரு கருவி இருந்தது. நானே செய்தது. வீட்டுக் கதவுக்காக அப்பா அறுத்து வைத்திருந்த பலாப் பலகைதான் அதன் உடம்பு. பைக் கிளட்ச் ஒயரைப் பிரித்து எடுத்த எஃகு இழைகள்தான் தந்திகள். தந்தியின் அதிர்வை வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்ப ஒரு கம்பிச்சுருள் வேண்டும். பழைய அடாப்டருக்குள் இருந்த முடி மாதிரியான செம்புக் கம்பியை ஒரு காந்தத்தின் மேல் சுற்றி அதைச் செய்தேன். சுற்றச் சுற்ற அறுந்தது. எங்கள் மலை ஊரில் மழை விடாத மாதங்களில் அதுதான் எனக்கு வேலை.

பலகையைத் தேடிக்கொண்டு வந்த அப்பா அதைப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, கதவுப் பலகையில ஓட்டை போட்டு வெச்சிருக்கியே. இனி ஊட்டுக்குள்ள நாய் வந்தா பாட்டுப் பாடித் தொரத்துவியா?"

"வேற பலகை அறுத்துக்கலாங்கப்பா."

"அறுக்கறது நீயில்லையே."

விரல் வைக்கும் இடங்களில் சைக்கிள் கம்பியை வெட்டிப் பதித்திருந்தேன். எந்தக் கம்பி எங்கே வர வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. போனில் தேடினால் கிடைக்கும். முதலில் அந்தக் கணக்குப்படிதான் வைத்தேன். ஆனால் எங்கள் பக்கம் பெண்கள் தினைக்காட்டில் களை எடுக்கும்போது பாடும் பாட்டில் ஓர் இழுப்பு வரும். அது இரண்டு கம்பிகளுக்கு நடுவில் போய் விழுந்தது. தந்தியை வளைத்துப் பார்த்தேன், வரவில்லை. எல்லாக் கம்பிகளையும் பிடுங்கிவிட்டு, காதுக்கு எங்கே சரியென்று பட்டதோ அங்கே மறுபடியும் அடித்தேன். அதற்குப் பிறகு பாட்டு உட்கார்ந்தது. கடையில் விற்கும் எந்தக் கிட்டாரிலும் அந்த இடத்தில் கம்பி கிடையாது.

விழாவுக்குக் கொண்டு போனபோது மலையிறங்கும் பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார்: "ஏனுங்க தம்பி, கலப்பையா? காலேஜ்ல உழுகச் சொல்லிட்டாங்களா?" பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அது எனக்கு வலிக்கவில்லை. வலித்தது கீழே போன பிறகுதான்.

விழாவுக்குப் பொறுப்பாக இருந்த மேடம் பலகையைத் தடவிப் பார்த்தார்.

"கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்கப்பா, தெரியுது. ஆனா ஸ்டேஜ்ல இதை மாட்டிக்கிட்டு நின்னா பாக்கறவங்களுக்குப் பாவமா இருக்கும்ல?"

"பாவமெல்லாம் இல்லீங்க மேடம். இதுலதான் வாசிக்கணுங்க."

"கூச்சப்படாதே. உன் ஃப்ரெண்ட்ஸ்தானே வாங்கித் தர்றாங்க."

கூச்சம் இல்லை என்பதை எப்படிச் சொன்னாலும் கூச்சமாகவே எடுத்துக்கொள்கிறவரிடம் என்ன பேசுவது? பக்கத்து பெஞ்ச் நண்பனிடம் சொன்னேன்.

"ஓசில வர்றதை வேண்டாங்கற மொத ஆளு நீதான்டா," என்றான்.

"அதுல எம் பாட்டு வராதுடா மாப்ள."

"அப்ப வர்ற பாட்டை வாசி."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சட்டை, பை, ஃபீஸ் என்று வாங்கிக்கொண்ட உதவிகள் பல. அவற்றுக்கெல்லாம் மனதாரக் கைகூப்பியிருக்கிறேன். அவை என்னிடம் இல்லாதவை. இது இருப்பது. இருப்பதை இல்லை என்று மேடையேறி ஒத்துக்கொள்ள என்னால் முடியாது.

மேடையில் மேடம் மைக்கில் ஆரம்பித்தார்: "மலையிலேருந்து வந்து, எந்த வசதியும் இல்லாம, பலகையில கம்பியைக் கட்டி வாசிச்சுக்கிட்டிருந்த நம்ம மாணவனுக்கு..." கைதட்டல். பளபளவென்று கிட்டார் வந்தது. நான் கை நீட்டவில்லை. மைக்கை வாங்கினேன்.

"கிட்டார் நல்லா இருக்குங்க. வாசிக்கத் தெரிஞ்சவங்க யாருக்காச்சும் குடுங்க. எனக்கு வேண்டாங்க. வாங்க முடியாம நான் இதைச் செய்யல. எங்க பாட்டு வாசிக்கணும்னு செஞ்சேன்."

 மேடை ஓரத்தில் வைத்திருந்த என் கருவியை எடுத்து மாட்டி ஒயரைச் சொருகினேன். ஸ்பீக்கரில் 'ங்ங்ங்' என்று இரைச்சல். பின்வரிசையிலிருந்து ஒருத்தன், "டேய், கொசு மருந்து அடிக்கறானுங்கடா!" என்று கத்தினான். சிரிப்பு அடங்கவில்லை. தந்தியில் விரல் பட்டதும் இரைச்சல் தணிந்தது. வாசிக்க ஆரம்பித்தேன்.

முதல் இழுப்பு வந்தபோது சிலர் முகம் சுளித்தார்கள். சுருதி பிசகிவிட்டதாக நினைத்திருக்கலாம். அடுத்த அடியில் அதே இடத்தில், அதே அளவில், இன்னும் அழுத்தமாக இழுத்தேன். மேடம் ஓரத்தில் நின்று போதும் என்று கை காட்டினார். பாட்டு பாதிகூட ஆகவில்லை. திரையை இழுத்துவிட்டார்கள். ஸ்பீக்கர் லைனையும் நிறுத்தினார்கள். வெறும் பலகையில் தந்தி மெலிதாகத்தான் கேட்டது. மேடையைப் பெருக்க வந்தவர் விளக்குமாற்றோடு நிற்க, மிச்சப் பாட்டையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.