நான் பறித்த தூக்கம்

டாக்டரிடம் நான் பொய் சொன்னேன். பேத்தி சரியாகத் தூங்குகிறாளா என்று கேட்டார். ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடுவாள் என்றேன். பக்கத்தில் இருந்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை.

உண்மையில் அவள் படுக்கப் பதினொன்றாகும். மகனும் மருமகளும் ஐ.டி. வேலை முடிந்து புனேயின் கோர்படியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துசேரவே இரவு பத்தாகும். எல்லோரும் சேர்ந்துதான் சாப்பிட வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். அதுவரை அவள் பிஸ்கட்டும் டிவியுமாகக் காத்திருப்பாள். அவள் உடம்பு போட ஆரம்பித்ததும், ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்த எனக்குத் தோன்றிய ஒரே வைத்தியம் ஓட்டம். விடியுமுன் போர்வையை உருவி மைதானத்துக்கு இழுத்துப்போவேன்.

"தாத்தா, அஞ்சு நிமிஷம்."

"தூங்கித் தூங்கித்தான் இப்படி ஊதியிருக்கே. எழுந்திருடி."

எடை கூடிக்கொண்டே போனது. பள்ளி விட்டு வந்ததும் சக்லி முறுக்கு, பாவ் ரொட்டி என்று கைக்குக் கிடைத்ததைத் தின்றாள். அலமாரியைப் பூட்டினேன். வகுப்பில் தூங்குகிறாள் என்று டீச்சர் சொன்னபோது, சோம்பேறி என்று அவளைத்தான் திட்டினேன்.

தூக்கம் குறைந்தால் பசி அடங்காது, எடையும் ஏறலாம், அதனால்தான் கேட்டேன் என்றார் டாக்டர். அந்தக் கணமே எனக்குப் புரிந்துவிட்டது. குழந்தை எதிரில் தவறை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. என்னை நம்பி அவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஊசி குத்தும்போது அவள் என் கையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகும் எழுப்பினேன். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்களே. ஒருநாள் மைதானத்துப் படியில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டும்போதே தூங்கி முன்னால் விழுந்தாள். நெற்றியில் தையல் போட்டார்கள். அன்று மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் கத்தவில்லை. "அஞ்சு நிமிஷம்தானேப்பா கேட்டா," என்றான்.

டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அலமாரிப் பூட்டை எடுத்தேன். ஏழு மணிக்கே அவளுக்குச் சோறு போட்டு, ஒன்பதுக்குள் விளக்கை அணைக்கிறேன். அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். தலையாட்டினாள்.

ஆனால் இன்னும் அதே இருட்டில் தானாக விழித்துவிடுகிறாள். ஷூ மாட்டிக்கொண்டு கூடத்து சோபாவில் உட்கார்ந்திருப்பாள்.

"நான் ரெடி தாத்தா. திட்டாதீங்க."

ஷூவை எடுத்துப் பரண்மேல் போட்டேன். இன்று விடியுமுன் பார்த்தால், வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள்.