வதனியைச் சுற்றி நான் வரைந்த பூக்கள்

போன கிழமை புதுக்குடியிருப்பில் ஒரு வீட்டில் எனக்குத் தந்த தேத்தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டேன்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று விளங்கும். இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில், சீனியும் இல்லாமல் தேயிலையும் இல்லாமல் வெறும் சூடு மட்டும் இருந்த தேத்தண்ணீரையே குடித்தவன் நான். இது பால் தேத்தண்ணீர். ஆடை படரும்வரை அப்படியே நான் உட்கார்ந்திருந்த கதிரைப் பக்கத்தில் இருந்தது.

காரணம் பூ. நான் வரைந்த பூ.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிற நீங்கள் ஏற்கெனவே அலுத்திருப்பீர்கள் — ஆறு மாதமாக எதை எழுதத் தொடங்கினாலும் வர்ணத்தில்தான் வந்து முடிகிறேன். என்ன செய்வது? ஐம்பது வயதில் ஒருவனுக்குக் குடிப்பழக்கம் வரலாம், அரசியல் ஆசை வரலாம். எனக்குக் குவாஷ் வந்தது.

வவுனியாப் புத்தகக் கடைகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போஸ்டர் கலர் விற்பார்களே, அதன் பணக்கார மச்சான்தான் இந்தக் குவாஷ். என்னுடைய உண்மையான பணக்கார மச்சான் கனடாவிலிருந்து ஒரு பெட்டி அனுப்பினான். நீர்வர்ணம் போலத் தண்ணீரில் கரையும். ஆனால் கண்ணாடி போலத் தெரியாது. சுண்ணாம்பு அடித்த கோயில் மதில் போல அடைத்துக்கொண்டு, மினுக்கம் இல்லாமல் நிற்கும். இன்னொரு குணமும் உண்டு. எத்தனை வருஷம் காய்ந்து கிடந்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் எழும்பிவிடும். மேலே பூசிப் பிழையை மறைக்கலாம், நனைத்துத் துடைத்தும் எடுக்கலாம். வாழ்க்கையில் எனக்கு இப்படி வசதி செய்து தந்த வேறு எதையும் நான் சந்திக்கவில்லை.

இந்தக் குணத்தை யோசிக்காமல் உருத்திரபுரத்தில் சலூன் வைத்திருக்கும் ரவிக்கு ஒரு முருகன் வரைந்து கொடுத்தேன். கண்ணாடி போடச் சொல்ல மறந்துபோனேன். வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் ஆட்கள் வெள்ளிக்கிழமை என்ன செய்வார்கள்? ஈரத்துணியால் சாமிப்படம் துடைத்துச் சந்தனம் வைப்பார்கள். ரவியும் துடைத்தான்.

"அண்ணை, உங்கட முருகன் முகம் கழுவினவர்... முகத்தையும் சேர்த்துக் கழுவிப்போட்டார்" என்று போன் எடுத்தான். "இப்ப வேலும் மயிலும் மட்டும்தான் நிக்கினம். சேவிங்குக்கு வாறவங்கள் ஆளைத் தேடுறாங்கள்."

நான் வரைவது எல்லாம் பழைய பாணிதான். பிஸ்கட் வருகிற தகரப் பேணி மூடிகளில் இருக்குமே — ரோசாப்பூ நிறக் கன்னம், வில்லாய் வளைந்த புருவம், எதற்கென்று தெரியாத ஒரு சிரிப்பு. பவுடர் டின் பெண்கள், தீப்பெட்டி மயில்கள், லொறிப் பின்பலகையில் சூரியன் மறைகிற குளம். ரசனை உள்ளவர்கள் இதை மலிவு அலங்காரம் என்ற அர்த்தத்தில் 'கிட்ச்' என்று சொல்கிறார்கள். எனக்கு அது ஏதோ குசினிச் சாமான் போலக் கேட்கிறது. ரவி எனக்கு வைத்த பெயர் 'பேணிப்படக்காரர்'. அது விளங்குகிறது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நானும் அதை விட்டேன். அப்பா மலைநாட்டிலிருந்து வந்து கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர். வீட்டில் புத்தகம் இல்லை. ஒரு பிஸ்கட் பேணி இருந்தது. அதற்குள் எங்கள் பிறப்புப் பத்திரங்கள். மூடியில் குடை பிடித்த ஒரு வெள்ளைக்காரி, அவளைச் சுற்றி வட்டமாகப் பூக்கள். ஒவ்வொரு முறை ஓடும்போதும் அந்தப் பேணியைத் தூக்குவது என் வேலை. பதுங்குகுழிக்குள் பார்ப்பதற்கு வேறு படம் இல்லை. அந்தப் பூ வளையத்தில் எத்தனை இதழ் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

பேணி கடைசியில் போய்விட்டது. பூ என் கையில் தங்கிவிட்டது. எதை வரைந்தாலும் சுற்றிவரப் பூப் போடாமல் எனக்கு முடிக்கத் தெரியாது.

அங்கேதான் பிழை நடந்தது.

இப்போது நான் கோழித்தீன் லொறியில் போகிறேன். இதுவும் எத்தனை நாளைக்கென்று தெரியாது, நான் ஓர் இடத்தில் நிலைக்கிற ஆள் இல்லை. புதுக்குடியிருப்பில் தீன் இறக்குகிற, வீட்டோடு சேர்ந்த சின்னக் கடை ஒன்று பரமேஸ் அக்காவுடையது. அவருக்கு அறுபது இருக்கும். கணவர் நல்லதம்பி அண்ணை பின்வளவில் கோழிகளைப் பார்ப்பார். அதிகம் கதைக்காத மனிதர்.

மூன்று மாதத்துக்கு முன் விளையாட்டாக ஒரு படம் வரைந்து அந்தக் கடைச் சுவரில் ஒட்டினேன். பழைய சவர்க்கார விளம்பரம் போல ஒரு பெண், கையில் சவர்க்காரத்துக்குப் பதில் முட்டை. 'அழகின் இரகசியம்' என்று கீழே எழுதியும் விட்டேன்.

அக்கா பார்த்துவிட்டு, "உந்த முட்டைக்காரி ஏன் இப்பிடிச் சிரிக்கிறாள்?" என்று கேட்டார்.

"தெரியாது அக்கா. இந்த மாதிரிப் படத்தில எல்லாரும் சிரிக்கத்தான் வேணும்."

அவர் உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்தார். அதற்குள் இன்னொரு பை. அதற்குள் தபால் முத்திரை அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அடையாள அட்டைக்கு எடுத்தது. பாதி முகம் தண்ணீரில் ஊறி வெளிறியிருந்தது. மற்றப் பாதியில் ஒரு கண், ஒரு பின்னல், பள்ளிக்கூடச் சட்டையின் கழுத்து.

"வதனி. என்ர மகள். கடைசிச் சண்டையில பிரிஞ்சனாங்கள். இவளை ஒரு இடத்திலயும் சிரிச்ச மாதிரிப் பாக்கேலாது, தம்பி. வேற படம் ஒண்டும் மிஞ்சேல்லை. அந்த முட்டைக்காரிக்குப் போட்ட சிரிப்பை இவளுக்கும் போட்டுத் தருவீங்களோ?"

இப்படிக் கேட்டால் யார்தான் மறுப்பார்கள்?

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்டேன். "எந்த வயசில வரையிறது, அக்கா? அப்ப இருந்த மாதிரியோ... இப்ப இருக்கிற மாதிரியோ?"

"அப்ப இருந்த மாதிரியே வரையுங்கோ. இப்ப எப்பிடி எண்டு அவள் வந்து காட்டட்டும்."

'இப்ப' என்ற சொல்லை அவர் சொன்ன விதத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். அந்த வீட்டில் வதனிக்கு இதுவரை திவசம் இல்லை. விளக்கு இல்லை. சொந்தக்காரர் எத்தனை முறை சொல்லியும் அக்கா விடவில்லை. காணாமல் போனவர்களுக்கான போராட்டப் பந்தல், ஆணைக்குழு, அலுவலகம் என்று போகாத இடமில்லை. நான் இதையெல்லாம் தீன் மூட்டை இறக்கும்போது காதால் கேட்டவன். கேட்டும் என்ன?

நான் வரைந்தேன். ஆறு முறை வரைந்து ஆறு முறை கழுவினேன். சட்டைக்கு மாம்பழ மஞ்சள், அக்கா சொன்ன நிறம். சிரிப்பு வர மாட்டேன் என்றது. 'சிரிச்சால் ஒரு பக்கத்துப் பல்லு மற்றதுக்கு மேல ஏறி நிக்கும்' என்று அக்கா சொன்னது நினைவு வந்து, அந்தப் பல்லை ஏற்றி வைத்தேன். திடீரென்று வந்துவிட்டது. படத்திலிருந்து ஒரு பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. பின்புறம் முழுக்க வெளிர் நீலம்.

அந்தச் சந்தோஷத்தில்... சுற்றிவரப் பூப் போட்டேன். நல்ல ரோஸ் நிறத்தில், வட்டமாக, நெருக்கமாக.

போன கிழமை மத்தியானம் கொண்டுபோனேன். அக்கா குசினியில் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு இருந்தார். நான் படத்தைக் கதிரையில் சாய்த்து வைத்தேன். பின்வளவிலிருந்து நல்லதம்பி அண்ணை வந்தார். வாசலில் நின்றபடியே படத்தைக் கண்டார். செருப்பைக் கழற்றினார்.

இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார்.

சத்தம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சுக்கு நேரே கையை வைத்து, எவ்வளவு காலமோ காத்திருந்தவர் போல.

அக்கா தேத்தண்ணீரோடு வந்தார். முதலில் அண்ணையைப் பார்த்தார். பிறகு படத்தை. கோப்பையை என் பக்கத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இஞ்சருங்கோ, என்ன செய்யிறியள்? ஆரைக் கும்பிடுறியள்?"

அண்ணை கையை இறக்கினார்.

"பிள்ளையைக் கும்பிடுற தகப்பனை எங்கயாவது கண்டனீங்களோ?" பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஆர் உங்களுக்கு மாலை போடச் சொன்னது? நான் சிரிப்புத்தானே கேட்டனான்?"

அப்போதுதான் நான் என் படத்தைக் கண்டேன். அதுவரை வரைந்துகொண்டு மட்டும்தான் இருந்திருக்கிறேன். ஒரு முகம். முகத்தைச் சுற்றிப் பூ. எங்கள் ஊரில் எந்த வீட்டுச் சுவரில் அப்படிப் படம் இருந்தாலும் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பேணி மூடியில் படித்த எனக்குத் தெரியவில்லை.

"மாலை இல்லை அக்கா... என்ர பழக்கம். எல்லாப் படத்துக்கும் போடுறனான். முட்டைக்காரிக்கும் போட்டிருக்கிறன், பாருங்கோ..."

"முட்டைக்காரியை ஒருத்தரும் தேடேல்லை, தம்பி."

தேத்தண்ணீரைக் குடிக்காத கதை இதுதான்.

"அழிக்கலாம் அக்கா" என்றேன். "இது தண்ணியில போகும். உங்களுக்கு முன்னாலயே எடுக்கிறன்." பையிலிருந்து தூரிகையையும் வர்ணப் பெட்டியையும் எடுத்தேன். அண்ணை போய் ஒரு பேணியில் தண்ணீர் கொண்டுவந்தார். படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

ஒவ்வொரு பூவாக நனைத்தேன். ஒவ்வொன்றாகத் துணியில் ஒற்றி எடுத்தேன். ரோஸ் நிறம் நீலத்தில் கரைந்து மங்கலாய்ப் படர்ந்தது. சில இடத்தில் வெள்ளைக் கடதாசி தெரிந்தது. தோளோடு ஒட்டியிருந்த பூவை எடுக்கும்போது மஞ்சள் சட்டையும் கொஞ்சம் வந்துவிட்டது. நான் நிறுத்தினேன்.

"தோள் போனாலும் பரவாயில்லை, எடுங்கோ" என்றார் அக்கா.

கடைசியில் ஒரு பூ மிஞ்சியது. காதுக்குப் பக்கத்தில், பின்னல் தொடங்குகிற இடத்தில். தூரிகையைக் கொண்டுபோனேன்.

"தம்பி..." அண்ணையின் குரல். அன்று அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல். "அந்த ஒண்டு இருக்கட்டுமே."

அக்கா அவரைப் பார்த்தார். கோபமாகப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தார். மனுசன் படத்தைப் பிடித்த கையை விடவும் இல்லை, நிமிரவும் இல்லை.

"தலையில வச்ச பூ எண்டால் இருக்கட்டும்" என்றார் அக்கா.

கறுப்பை எடுத்தேன். பூவுக்குப் பின்னால் கூந்தலைக் கொஞ்சம் இழுத்துவிட்டேன். பூ கூந்தலுக்குள் வந்து அமர்ந்தது. பள்ளிக்கூட விழாவுக்கு வெளிக்கிட்ட பிள்ளை போல இருந்தாள் வதனி. ஒரு தோள் மட்டும் சற்று மங்கல்.

ஒருவருக்கு அது மகளுக்கு வைத்த பூ. மற்றவருக்கு மகள் வைத்த பூ. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்த வீட்டில் இரண்டு பேரும் இத்தனை வருஷமாகச் சமைத்து, சாப்பிட்டு, கோழிக்குத் தீன் போட்டு வருகிறார்கள். வெளியிலிருந்து போகிற நாங்கள் என்ன செய்கிறோம்? அலங்காரம் செய்கிறோம். நல்ல எண்ணத்தோடு, வட்டமாக, நெருக்கமாக.

அக்கா படத்தைத் தூக்கிக்கொண்டு சுவர்களைப் பார்த்தார். செத்துப்போன மாமனார் மாமியார் தொங்குகிற சுவர் வேண்டாம் என்றார். சாமி அறையும் வேண்டாம். அலுமாரிக் கதவில், முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில், தன் கண் உயரத்துக்கு ஒட்டச் சொன்னார். நாலு மூலைக்கும் டேப் வைத்து ஒட்டினேன்.

ரவியின் முருகன் நினைவுக்கு வந்தார்.

"அக்கா, இது தண்ணி பட்டால் போயிடும். கண்ணாடி போட்டுச் சட்டம் அடிச்சால்தான் நிக்கும். நானே வவுனியாவில குடுத்துச் செய்விச்சுத் தாறன்."

"சட்டம் வேண்டாம். சட்டம் அடிச்சால் வாறதுகள் எல்லாம் பூ வைக்கப் பாக்குங்கள்."

"மழைச் சாரல் அடிக்கும்... ஈரக்கை படும்... துடைச்சால் முகம் போயிடும், அக்கா."

"துடைக்க மாட்டன். ஈரக்கையால தொடவும் மாட்டன்."

சற்று நின்று, அந்த ஏறிய பல்லைப் பார்த்தபடி சொன்னார்:

"கிட்ட நிண்டு அழவும் மாட்டன், தம்பி."

குவாஷ் படத்தைப் பாதுகாப்பது எப்படி என்று போனில் எத்தனையோ வீடியோ பார்த்திருக்கிறேன். கண்ணாடி போடச் சொல்கிறார்கள், வார்னிஷ் அடிக்கச் சொல்கிறார்கள்... இந்த வழியை ஒருவரும் சொல்லித் தரவில்லை.