'ஒண்டுமில்லை' சிற்றம்பலத்தார்

ஜெயபுரத்துச் சிற்றம்பலத்தாரிடம் உடம்புக்கு என்ன என்று எப்போது கேட்டாலும் "ஒண்டுமில்லை" என்பதுதான் பதில். பாம்பு கடித்த அன்றும் அதைத்தான் சொன்னார். இந்தமுறை வயலில் நெஞ்சு நோவெடுத்து வரம்பில் குந்தியவர், வாய்வு என்று தானே முடிவுகட்டி, வேர்க்க வேர்க்க சைக்கிள் மிதித்து வீடு வந்தார். மனைவி கமலாசனி அவர் முகத்தைப் பார்த்தாள். உடனே ஓட்டோ பிடித்தாள். மாரடைப்பு.

ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் நோவே இல்லை. கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவத்து நெல்லுக்குத் தண்ணீர் கட்ட ஆளில்லையென்று மனுசன் வீட்டுக்குப் போகத் துடித்தார். ஆனால் எக்கோ ஸ்கானில் இதயத்தின் நுனி தெளிவாகத் தெரியவில்லை என்றார் டொக்டர் ராஜினி. பழுதான தசை சரியாக அசையாத அந்த இடத்தில் இரத்தம் தேங்கி உறைந்திருக்கலாம். கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் கை கால் வழங்காமல் போகும், உயிரே போனாலும் போகும். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்போம் என்றார். அதன் காந்தம் இரும்பை இழுக்கும் என்பதால், உடம்பில் இரும்பு ஏதும் உண்டா என்று தாதி படிவத்தோடு வந்து கேட்டாள்.

"ஒண்டுமில்லை," என்றார் சிற்றம்பலத்தார்.

இரண்டாயிரத்து ஒன்பதில், போரின்போது செல் வெடித்து முதுகில் பட்ட இரும்புத் துண்டுகளை முழுதாக எடுத்தாயிற்று என்று அவர் மனைவியிடம் சொல்லி வைத்திருந்தார். அவள் பக்கத்தில் நிற்கும்போது அதை எப்படி மாற்றிச் சொல்வது?

"இருக்கு பிள்ளை," என்றாள் கமலாசனி. "முதுகிலை ரெண்டு. எண்ணெய் பூசேக்கை என்ரை கையிலை தட்டுப்படும். இவர் தானாச் சொல்லட்டும் எண்டு இவ்வளவு வருசமும் பாத்துக்கொண்டிருந்தனான்."

சிற்றம்பலத்தாருக்குத் தலை நிமிரவில்லை. தாதி படிவத்தைத் திருத்திக்கொண்டு போனாள்.

எம்.ஆர்.ஐ. எடுக்கும் யோசனை நின்றுபோனது. டொக்டர் வேறு வழி பார்த்தார். நரம்பில் ஒரு மருந்து ஏற்றி, திரும்பவும் எக்கோ. அந்த மருந்து முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குமிழிகள். இரத்தம் போகும் இடமெல்லாம் அவையும் போய்த் திரையில் வெள்ளையாகத் தெரியும். காந்தமும் வேண்டாம், இரும்பு பற்றிய கவலையும் வேண்டாம்.

படுத்தபடியே அவரும் திரையைப் பார்த்தார். இதய அறை வெள்ளையாக நிரம்பியது. நுனியில் மட்டும் கச்சான் கடலைப் பருப்பளவில் ஒரு கறுப்பு. குமிழிகள் அதைச் சுற்றிச் சுற்றி ஓடின, உள்ளே போகவில்லை. கட்டிதான் என்றார் டொக்டர். இரத்தம் உறையாமலிருக்க மாதக்கணக்கில் மருந்துக் குளிசை, அடிக்கடி இரத்தப் பரிசோதனை. ஒழுங்காக எடுத்தால் கரையலாம், தவறவிட்டால் ஆபத்து என்று விளங்கப்படுத்தினார்.

அவரைச் சில்லுக் கதிரையில் இருத்தி வெளியே தள்ளிக்கொண்டுவந்து விட்டார்கள். வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த கமலாசனி எழுந்து வந்து முன்னே நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. பழக்கதோசத்தில் அவர் வாய் திறந்தது, பிறகு மூடிக்கொண்டது. முதுகுக்கு எண்ணெய் பூசும் அவளுடைய கையைப் பார்த்தார்.

"இஞ்சாரும்," என்றார். "நெஞ்சுக்கை கட்டி இருக்காம். எனக்குப் பயமாக் கிடக்கு."

கமலாசனி குனிந்து அவருடைய சேட்டுப் பொத்தானைப் பூட்டிவிட்டாள். அவளுடைய கண் நிறைந்திருந்தது.

"இப்பதான் எனக்குப் பயம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு," என்றாள்.