செந்தில் நிமிர்த்திய பச்சிங்கோ ஆணிகள்

அடுத்த மாதம் ஒசாகா போகிறேன். அங்கே பச்சிங்கோ என்ற குண்டு விளையாட்டை ஆடாமல் திரும்பக் கூடாது என்று ஆசை. ஆனால் ஆடத் தெரிய வேண்டுமே! கிணத்துக்கடவில் பம்ப் உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் செந்திலிடம் ஒரு பழைய மெஷின் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போன சனிக்கிழமை கிளம்பினேன். உக்கடத்தில் காலை 9.10க்குப் பொள்ளாச்சி பஸ், சுமார் 22 கிலோமீட்டர், 25 ரூபாய். இறங்கி ஆட்டோவுக்கு 60 ரூபாய் (பேரம் பேசியும் குறையவில்லை).

மெஷின் ஒரு சின்ன ஜன்னல் அளவு. கண்ணாடிக்குப் பின்னால் இருநூறுக்கும் மேல் பித்தளை ஆணிகள். கைப்பிடியைத் திருகினால் இரும்புக் குண்டுகள் ஒவ்வொன்றாக மேலே பாய்ந்து, ஆணிகளில் மோதி மோதி விழும். நடுக்குழியில் ஒன்று விழுந்தால் நிறையக் குண்டுகள் கொட்டும். தவறியது போனதுதான். ஜப்பானில் ஜெயித்த குண்டுகளுக்குக் கடையில் பரிசுப்பொருள்தான் தருவார்களாம். அதை வெளியே ஒரு ஜன்னலில் நீட்டினால் பணமாம்! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்து வந்தது. செந்திலிடம் பல வருடமாகச் சரக்கு வாங்கும் ஜப்பானியர் தனாகா அன்று வந்திருந்தார். ஜப்பானில் தன் வீட்டை விற்றபோது, பத்திரமாக இருக்கட்டும் என்று மெஷினைச் செந்திலுக்கு அனுப்பியவர் அவர்தான். ஆவலாகக் கைப்பிடியைத் திருகினார். நூறு குண்டு போயிருக்கும், ஒன்றுகூடக் குழியில் விழவில்லை.

"ஆணியெல்லாம் கோணலா வந்துச்சுங்க. கப்பல்ல அடிபட்டிருக்கும்னு கேஜ் வச்சு அளந்து நேரா நிமித்திப்போட்டேனுங்க" என்றார் செந்தில், பெருமையாக.

தனாகா கைப்பேசியில் தட்டி, தமிழில் வந்ததைக் காட்டினார். 'என் அப்பா பச்சிங்கோ கடையில், குண்டு எந்த வழியில் விழ வேண்டும் என்று பார்த்து ஆணி வளைப்பவர். இவை அவர் கடைசியாகத் தட்டிய ஆணிகள்.'

செந்திலின் முகத்தில் ஈயாடவில்லை. "பெரிய தப்புப் பண்ணிப்போட்டேனே" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவர் மனைவி கவிதாதான் கேட்டார்: "ஏனுங்க, நிமித்தறதுக்கு முன்னாடி ரிப்போர்ட் போட்டீங்கல்லங்க?"

அந்தப் பட்டறைக்குள் எது வந்தாலும் அளந்து எழுதாமல் கை வைக்க மாட்டார்கள். கோப்பில் எல்லாம் இருந்தது: எந்த ஆணி, எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீட்டர் கோணல். கவிதா படிக்க, தனாகா ஆணிகளைப் பழையபடி தட்டி வளைக்க, செந்தில் அளக்க, நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாலை நாலாகிவிட்டது. தனாகா மறுபடி கைப்பிடியைத் திருக, ஒன்பதாவது குண்டு குழியில் விழுந்தது. அவர் அழுதுவிட்டார்.

ஆடப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கைப்பிடி மட்டும்தான் நம்முடையது, மீதியை ஆணி வளைத்தவர் முன்பே முடிவு செய்திருப்பார். கையில் இருக்கும் பணத்தில் கொஞ்சம் மட்டும் எடுத்துப் போங்கள். திரும்ப உக்கடத்துக்குப் பஸ் நிறைய உண்டு.

கிளம்பும்போது தனாகா அந்த ரிப்போர்ட்டின் நகல் கேட்டார். ஒவ்வொரு கோணலுக்கும் எதிரே 'குறை' என்று எழுதியிருந்தது. செந்தில் உட்கார்ந்து அத்தனையையும் அடித்து, 'சரி' என்று எழுதிக் கொடுத்தார்.