பத்தாவது பெயர்

கஸ்தானியா ஊர்ப் பெண்கள் பள்ளியின் மேல் வகுப்புக்கு பொலிக்ஸேனி டீச்சர் வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. சலோனிகாவில் படித்து, பழைய கிரேக்கம், பிரெஞ்சு, பூகோளம், வேத சரித்திரம், பூத்தையல் என்று ஐந்து பாடத்துக்கும் ஒருத்தியாகவே வந்து இறங்கினாள். ஊர்ச் சபைத் தலைவர் கோஸ்மாஸ், கம்பளித்தோல் வியாபாரி. அவருக்கு இதில் நாலு பாடம் சம்மதம். ஒன்று மட்டும் தொண்டையில் முள்ளாகக் குத்தியது.

"பொண்ணுங்களுக்கு எதுக்கும்மா பழைய கிரேக்கம்? அத பேசுனவன் எவன் உசுரோட இருக்கான்? பேய்ங்களோட குசலம் விசாரிக்கவா?" என்பார், வயிறு குலுங்க.

அந்த வயிற்றுக் குலுங்கல் உட்பட அப்படியே நடித்துக் காட்டுவாள் கலிரோயி, வகுப்பின் வாயாடி. கோயில் சாமியார் லாம்ப்ரோஸ் மூக்கால் வாசிப்பது, சமையற்காரி கோழியைத் திட்டுவது எல்லாம் அவளிடம் உண்டு. அவளால் பிடிக்க முடியாத குரல் ஒன்றே ஒன்று. பக்கத்து பெஞ்சு எவாந்தியாவின் குரல். காலையில் பெயர் கூப்பிட்டால் "வந்திருக்கேன்" என்று கடைசி எழுத்தை மேலே தூக்கிவிட்டுச் சிரிக்கும் குரல். "அது குருவி டீச்சரம்மா, மனுசக் குரலே இல்ல. நானும் எவ்வளவோ பாத்துட்டேன்" என்று கை விரிப்பாள்.

மேல் வகுப்பு நடந்தது ஊர்ப் பணத்தில் அல்ல. ரஷ்யாவின் ஒதெஸ்ஸாவில் கோதுமை விற்றுப் பணக்காரரான இவ்வூர்க்காரர் ஒருவர், தம் வீட்டில் செத்துப்போன பெண்களின் நினைவாக உயில் எழுதி வைத்திருந்தார். நிபந்தனை இரண்டு. வகுப்பில் பத்துப் பெண்களாவது இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வகுப்பை மூடிவிட வேண்டும். ஈஸ்டரின் பெரிய நோன்புக்கு முன்னால், இறந்தவர்களுக்காக வரும் ஆத்மாக்களின் சனிக்கிழமையில், அவர் வீட்டுப் பெண்கள் பன்னிரண்டு பேரின் பெயர்களையும் கோயிலில் வாசிக்க வேண்டும்.

1907 தை மாதத்துப் பனியில் காய்ச்சல் வந்து எவாந்தியா போய்விட்டாள். மிச்சம் ஒன்பது.

டீச்சர் பதிவேட்டில் அந்தப் பெயரை அடிக்கவில்லை. அடித்தால் கலிரோயி தறிக்கு முன்னால் உட்காருவாள், மற்றவர்களுக்கு வேனிலுக்குள் மாப்பிள்ளை வந்துவிடுவான். 'இந்த ஒரு வருஷம் மட்டும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் காலையில் பெயர் கூப்பிடும்போது பத்தாவது பெயரையும் கூப்பிட்டுவிட்டு, ஒரு மூச்சு நேரம் நிற்பாள். பிள்ளைகள் பெஞ்சைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பார்கள்.

சனிக்கிழமைக்கு முந்தின நாள் மத்தியானம் இரண்டு காகிதம் எழுதினாள். ஒன்று ஒதெஸ்ஸாவில் உயில் பணத்தைப் பார்த்துக்கொள்ளும் குமாஸ்தாவுக்கு, பத்து மாணவிகளின் பட்டியல். இன்னொன்று சாமியாருக்கு, பன்னிரண்டு இறந்தவர்களின் பட்டியல். இரண்டிலும் ஞானஸ்நானப் பெயர் மட்டும்தான், அதுதான் வழக்கம். இந்த ஊரில் எந்தக் காகிதமும் தலையில் சிலுவையோடுதான் தொடங்கும்; இரண்டும் அப்படியே தொடங்கின. பொய்க் கணக்கு எழுதிய அவசரத்தில், எது எது என்று பார்க்காமல் மடித்து உறையில் போட்டாள். ஒன்று தபால்காரன் குதிரை ஏறியது. ஒன்று கோயிலுக்குப் போனது.

மறுநாள் காலை கோயில் நிறைய அவித்த கோதுமைக் கிண்ணங்கள், மேலே சர்க்கரை, நடுவில் மெழுகுவர்த்தி. ஒன்பது பெண்களும் கறுப்புக் கவுனில் வரிசையாக நின்றார்கள். லாம்ப்ரோஸ் சாமியார் காகிதத்தை மூக்கருகே பிடித்து, என்ன வாசிக்கிறோம் என்று யோசிக்காமல், முப்பது வருஷப் பழக்கத்தில் இழுத்தார்.

"உறங்கிப்போன உம் அடியவர்களான தெஸ்பினா... கலிரோயி... அக்லையா..."

"வந்திருக்கேன்!" என்றாள் வரிசையில் நின்ற அக்லையா, பழக்கதோஷத்தில். பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். சாமியாருக்குக் காது மந்தம். அவர் நிறுத்தவில்லை. உயிரோடு நிற்கிற பிள்ளைகளை ஒவ்வொன்றாகச் செத்தவர்களோடு சேர்த்துக்கொண்டே போனார். பத்தாவதாக, "எவாந்தியா" என்றார்.

பதில் வரவில்லை. பின்வரிசையில் எவாந்தியாவின் அம்மா டோம்னா மட்டும் தலையைச் சாய்த்து, யாரோ பேசுவதைக் கேட்பவள்போல நின்றாள்.

அப்புறம்தான் தாய்மார்கள் அலறினார்கள்.

"என் பொண்ண உசுரோட பொதச்சிட்டாளே பாவி!"

"எழுத்து யாரு எழுத்து, காட்டுங்க சாமி! டீச்சர் எழுத்துதான?"

திங்கட்கிழமை ஒரு பிள்ளையும் வரவில்லை. ஊரில் யார் இருமினாலும் பழி டீச்சர் மேல் விழுந்தது. ரொட்டிக் கடையில் அவள் நின்றால் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மெழுகுவர்த்தி விற்கிறவன்கூட அவள் கையிலிருந்து காசு வாங்காமல் "அங்க வச்சிட்டுப் போங்க" என்றான். ஒதெஸ்ஸாவுக்குப் போன காகிதம் எது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள்.

ஈஸ்டர் கழிந்து பதில் வந்தது. கோஸ்மாஸ் அதைச் சபையில் வாசித்துவிட்டு, முதல்முறையாகச் சிரிக்காமல் அவள் அறைக்கு வந்தார்.

"பன்னெண்டு மாணவிங்கன்னு கேட்டு ரொம்ப சந்தோசமாம். உயில் எழுதுனவரு வீட்டுப் பேரையே எல்லாரும் புள்ளைங்களுக்கு வச்சிருக்கோமாம், என்ன நன்றியுள்ள ஊருன்னு பாராட்டி எழுதியிருக்கான் குமாஸ்தா. ரெண்டு வருசத்துப் பணம் சேத்து அனுப்பிட்டான்."

"திருப்பி அனுப்பிடுங்க ஐயா. தப்பு என்னோடது."

"செத்தவங்க பேருக்கு வந்த பணத்த வச்சுக்கவும் பயமா இருக்கு, திருப்பவும் பயமா இருக்கும்மா." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வகுப்பு நடக்கணும்னு வந்த பணம். நீங்க போயி நாற்காலியில உக்காருங்க. படிக்க யாரு வர்றாங்களோ வரட்டும்."

யாருமே வரவில்லை. டீச்சர் ஒவ்வொரு காலையும் காலி பெஞ்சுகளுக்கு முன் உட்கார்ந்து கரும்பலகையில் தேதி எழுதினாள். நாலாம் நாள் கதவு திறந்தது. டோம்னா. ஆடு மேய்த்துக் கத்திக் கத்திக் கரகரத்துப்போன தொண்டை அவளுக்கு. ஒன்றும் கேட்காமல் எவாந்தியாவின் பெஞ்சில் போய், மகளின் இடத்தைச் சற்று விட்டு, ஓரமாக உட்கார்ந்தாள்.

"என் மக பேர நீங்க அடிக்கலயாமே."

"இல்லம்மா."

"கோயில்ல அவ சிநேகிதிங்களோட சேத்து வாசிச்சாங்க. தனியா இல்ல. எனக்கு அது போதும்." முந்தானைத் துணியால் பெஞ்சைத் துடைத்தாள். "பேரு கூப்பிடுங்க டீச்சரம்மா. எப்பவும் கூப்பிடுற மாதிரி."

டீச்சர் பதிவேட்டைத் திறந்தாள். ஒன்பது பெயருக்கும் ஒன்பது மௌனம். பத்தாவதைக் கூப்பிட்டபோது அவள் கண் காகிதத்தின் மேலேயே இருந்தது.

"வந்திருக்கேன்."

கடைசி எழுத்து மேலே போய்ச் சிரித்தது.

அவள் நிமிரவில்லை. பேனாவை மையில் தொட்டு, அந்தப் பெயருக்கு நேராக, வந்தவர்களுக்குப் போடும் கோட்டைப் போட்டாள். மை காய்கிற வரைக்கும் அப்படியே குனிந்திருந்தாள்.

மறுநாள் வாசலில் கலிரோயி நின்றாள், மூச்சு வாங்க.

"நேத்து குழாயடியில தண்ணி புடிச்சிட்டு இருந்தேன். இங்கருந்து அவ குரல் கேட்டுச்சு. யாரு டீச்சரம்மா பண்ணது? நான் ரெண்டு வருசமா முயற்சி பண்றேன், எனக்கு வரல!" டோம்னாவைப் பார்த்தாள். "நீங்களா அத்தை? எங்க, இன்னொரு தடவ சொல்லுங்க."

"எனக்குத் தெரிஞ்ச குரல் இது ஒண்ணுதான்டி" என்றாள் டோம்னா, ஆட்டுக்காரத் தொண்டையில். "உக்காரு. பாடம் நடக்குது."

கலிரோயி பொறாமையில்தான் வந்தாள், தைரியத்தில் அல்ல. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்டு மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஆனி மாதப் பொதுப் பரீட்சையில் ஆயர் முன்னால் பத்துப் பேர் எழுந்து நின்றார்கள். பத்தாவது, நாற்பது வயது டோம்னா. எழுத்துக்கூட்டி இரண்டு வரி வாசித்தாள். கோஸ்மாஸ் தோளைக் குலுக்கிக்கொண்டு கணக்கில் பத்து என்று எழுதிக்கொண்டார்.

பதிவேட்டில் டோம்னா பதினோராவதாக ஏறினாள். பத்தாவதை அடிக்க அவள் விடவில்லை.

பொலிக்ஸேனி டீச்சர் அதே அறையில் இன்னும் பத்தொன்பது வருஷம் பாடம் நடத்தினாள். நல்ல டீச்சர், கொஞ்சம் கர்வம் என்பார்கள் ஊரில். காரணம் இது ஒன்றுதான்: பெயர் கூப்பிடும்போது அவள் ஒருநாளும் தலை நிமிர்ந்து யாரையும் பார்த்ததில்லை.